மாறுபாட்டுப் பகுப்பாய்வின் முடிவுகளைப் பொருள்கொள்ளல்: ஒரு சூழலியல் களஆய்வை முன்வைத்து

1. நோக்கம்

சூழலியல் களஆய்வுகள் பலவும் ஓர் அட்டவணையில் சென்று முடிகின்றன. ஆய்வாளர் எத்தனை நாள் சேற்றில் நின்று எண்ணியிருந்தாலும், எத்தனை படகுப் பயணம் மேற்கொண்டிருந்தாலும், இறுதியில் படிப்பவர் கைக்கு வருவது நான்கைந்து வரிகள் கொண்ட மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணையும், அதன்கீழ் ‘வேறுபாடு மிகைகாண் தன்மையுடையது’ அல்லது ‘மிகைகாண் தன்மையற்றது’ என்னும் ஒரு தொடருமே ஆகும். அத்தொடர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இதனை மொழியியல் பயின்ற ஒருவர் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மொழிபெயர்ப்புப் பற்றியது. 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக்கு வைக்கப்படும் அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தோடு அவ்வட்டார மொழியிலும் அமைய வேண்டும் என்கிறது. எனவே புள்ளியியலார் தமக்குள் வழங்கிவந்த ஒரு கலைச்சொல், கடலோரச் சிற்றூரில் படிக்கப்படும் தமிழ்த்தாளில் வந்து நிற்கிறது. அங்கு அது தவறாகப் பொருள்கொள்ளப்பட்டால் இழப்பு அவ்வூராருக்கே. இரண்டாவது காரணம், சூழலியலார் இவ்வட்டவணையைப் படிப்பதில் செய்யும் தலையாய தவற்றை மொழியியலாரும் செய்துவந்திருக்கின்றனர் என்பது. நானும் அதற்கு விலக்கல்லன்.

2. கொல்கத்தாவும் இம்முறையும்

மாறுபாட்டுப் பகுப்பாய்வு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் வளர்த்தெடுத்த முறை. 1925இல் வெளிவந்த அவருடைய நூல் வழியாக அது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் அது வேரூன்றிய இடம் கொல்கத்தா. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அந்நகரில் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டே, ஃபிஷரின் சோதனையைப் பயன்படுத்துவோர் இயல்மடக்கைகளோடு போராடாதிருக்கும் பொருட்டுத் துணை அட்டவணைகளைக் கணித்து, இந்திய வேளாண் அறிவியல் இதழில் வெளியிட்டார். இரண்டு மாறுபாடுகளின் விகிதத்தையே நேராகப் பார்க்கும் வழி அவ்வட்டவணைகளில் இருந்தது. அமெரிக்கரான ஸ்னெடக்கர் 1934இல் அவ்விகிதத்துக்கு ஃபிஷரின் பெயர் முதலெழுத்தைக் கொண்டு ‘எஃப்’ எனப் பெயரிட்டார். இன்று நாம் எஃப் விகிதம் என்று சொல்வது, அப்பெயர் பெறுவதற்கு முன்னரே கொல்கத்தாவில் அட்டவணையாகிவிட்டது எனலாம். 1938 ஜனவரியில் அந்நகரில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷரே தலைமை தாங்கினார்.

இந்நிறுவனம் 1933இல் தொடங்கிய ஆய்விதழின் பெயர் ‘சங்க்யா’. வடமொழியில் அச்சொல்லுக்கு எண் என்னும் பொருளோடு தெளிந்த அறிவு என்னும் பொருளும் உண்டு. அவ்விரு பொருளையும் கருதியே அப்பெயரைத் தெரிந்ததாக மகலனோபிஸ் விளக்கியிருக்கிறார். தமிழில் இதற்கு விளக்கமே வேண்டியதில்லை. எண்ணுதல் என்பது கணக்கிடுதலும் சிந்தித்தலும் ஆகும் என்பதைத் தமிழர் யாவரும் அறிவர். ஆயினும் அட்டவணைகளைப் படிக்கும்போது நாம் முதற்பொருளோடு நின்றுவிடுகிறோம்.

3. பகுப்பாய்வின் உள்ளமைப்பு

எந்தக் களத்திலும் அளவுகள் ஒன்றுபோல் இரா. ஒரே வயலின் இரண்டு மூலைகளில் விளைச்சல் வேறுபடும். ஒரே மனிதர் ஒரே சொல்லை இருமுறை ஒலித்தால் உயிரொலியின் நீளம் வேறுபடும். ஆகவே இரண்டு தொகுதிகளின் சராசரிகள் வேறுபடுகின்றன என்பது செய்தியன்று. அவ்வேறுபாடு, எவ்விதக் காரணமும் இல்லாமலே தோன்றக்கூடிய வேறுபாட்டினும் மிக்கதா என்பதே வினா. மாறுபாட்டுப் பகுப்பாய்வு மொத்த மாறுபாட்டைப் பங்கிட்டு, ஒரு பங்கை இன்னொரு பங்கால் வகுத்து, இவ்வினாவுக்கு விடை தருகிறது. மேலே நிற்பது நாம் ஆராயும் காரணத்தின் பங்கு. கீழே நிற்பது ‘பிழை’ எனப்படும் பங்கு.

பிழை என்னும் சொல் இங்குத் தவறு என்னும் பொருளில் வரவில்லை. அது எஞ்சியது, நாம் விளக்க முற்படாதது, இயல்பாகவே களத்தில் கிடக்கும் ஏற்றத்தாழ்வு என்னும் பொருளில் வருகிறது. இப்பகுதி எத்தகையது என்பதை முடிவுசெய்யாமல் எஃப் மதிப்பைக் கணிக்க இயலாது. ஏனெனில் களத்தில் ஏற்றத்தாழ்வு ஒரு வகை மட்டும் அன்று. ஊருக்கு ஊர் உள்ளது ஒன்று. ஒரே ஊரில் வயலுக்கு வயல் உள்ளது மற்றொன்று. ஒரே வயலில் அடிக்கு அடி உள்ளது பிறிதொன்று. இவற்றுள் எதைக் கீழே வைத்து வகுப்பது? அட்டவணை இதனைச் சொல்லாது. கணிப்பொறியும் சொல்லாது, நாம் எதைக் கொடுத்தாலும் அது வகுத்துத் தந்துவிடும். களத்தில் அளவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதே சொல்லும். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றுதான்.

4. சுந்தரவனத்தில் ஒரு கணக்கு

கொல்கத்தாவுக்குத் தெற்கே, இரு 24 பர்கனா மாவட்டங்களிலும் பரவியுள்ளது இந்தியச் சுந்தரவனம். அதன் மேற்குப் பகுதிக்கு ஹூக்ளி வழியாகக் கங்கையின் நன்னீர் வருகிறது. 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அவ்வரவு கூடியது. மாத்லா ஆறு பாயும் நடுப்பகுதியின் நிலை வேறு. வித்யாதரி ஆறு தூர்ந்துபோனமையால் மேலிருந்து வரும் நன்னீர் அப்பகுதிக்கு அற்றுப்போய், கடல் ஏற்றநீரே அங்கு ஆட்சி செய்கிறது. ஆகவே நடுப்பகுதி உவர்ப்பு மிக்கது. காட்டுக்குப் பெயர் தந்ததாகக் கருதப்படும் சுந்தரி மரம் மிகுந்த உவர்ப்பைத் தாங்காது. பிச்சாவரத்தில் வெண்கண்டல் என்றும் வங்காளத்தில் பாயின் என்றும் வழங்கும் அவிசென்னியா இனமோ தாங்கும்.

உவர்ப்பு மிக்க மாத்லாப் பகுதியில் வெண்கண்டல் நாற்றுகள் மிகுதியாக முளைக்கின்றனவா என்று ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். அவர் ஒவ்வொரு பகுதியிலும் நான்கு கழிகளைத் தெரிந்தெடுக்கிறார். ஒவ்வொரு கழியின் கரையிலும் ஒரு சதுர மீட்டர் அளவுள்ள சட்டத்தை ஐந்து இடங்களில் வைத்து, அதனுள் அடங்கும் நாற்றுகளை எண்ணுகிறார். ஆக மொத்தம் 40 எண்ணிக்கைகள். பின்வரும் எண்கள் கணக்கு விளங்கும் பொருட்டு நானே அமைத்தவை. எவரும் களத்தில் எடுத்தவை அல்ல.

மாத்லாப் பகுதியின் நான்கு கழிகளில் சட்டத்துக்குச் சராசரியாக 14, 9, 17, 8 நாற்றுகள். பகுதியின் சராசரி 12. ஹூக்ளிப் பகுதியின் நான்கு கழிகளில் 7, 12, 5, 8. பகுதியின் சராசரி 8. மாறுபாடு பின்வருமாறு பங்கிடப்படுகிறது.

மாறுபாட்டின் மூலம் | வரையற்ற பாகை | வர்க்கக் கூடுதல் | சராசரி வர்க்கம்
இரு பகுதிகளுக்கு இடையே | 1 | 160 | 160.00
ஒரே பகுதியின் கழிகளுக்கு இடையே | 6 | 400 | 66.67
ஒரே கழியின் சட்டங்களுக்கு இடையே | 32 | 320 | 10.00
மொத்தம் | 39 | 880 |

ஆய்வாளர் கழிகளை மறந்து, 40 எண்ணிக்கைகளையும் இரண்டே குவியலாகக் கொண்டால் நடுவில் உள்ள இரு வரிகளும் ஒன்றாகிவிடும். பிழையின் வர்க்கக் கூடுதல் 720. வரையற்ற பாகை 38. சராசரி வர்க்கம் 18.95. எஃப் மதிப்பு 160ஐ 18.95ஆல் வகுக்க 8.44 ஆகிறது. ஒரு விழுக்காட்டு நிலையில் தாண்டவேண்டிய எல்லை 7.35. எல்லையைத் தாண்டிவிட்டது, ‘மாத்லாப் பகுதியில் நாற்றுகள் மிகுதி, வேறுபாடு ஒரு விழுக்காட்டு நிலையில் மிகைகாண் தன்மையுடையது’ என்று அறிக்கை எழுதப்படும்.

கழிகளை மறவாதவர் 160ஐ 66.67ஆல் வகுப்பார். விடை 2.40. பாகை ஒன்றும் ஆறும் ஆகையால் ஐந்து விழுக்காட்டு நிலைக்கே எல்லை 5.99. இவ்விடை அதன் அருகிலும் வரவில்லை.

எண்ணியவர் ஒருவரே, எண்ணிக்கைகளும் அவையே, முடிவுகளோ இரண்டு. இவற்றுள் இரண்டாவதே சரி. ஏன்? வினா பகுதிகளைப் பற்றியது. ஹூக்ளிப் பகுதியில் வேறு நான்கு கழிகளுக்குச் சென்றிருந்தால் சராசரி 8 என்றே இருந்திருக்குமா என்பதுதான் இங்கு ஐயத்துக்குரியது. ஒரே பகுதிக்குள் ஒரு கழியில் 17ம் இன்னொரு கழியில் 8ம் கிடைக்கின்றன. கழிக்குக் கழி இவ்வளவு ஆட்டம் இருக்கும்போது, நான்கு கழிகளின் சராசரியும் ஆடவே செய்யும். அந்த ஆட்டத்தோடுதான் பகுதிகளின் வேறுபாட்டை ஒப்பிட வேண்டும். ஒரே கரையில் அருகருகே வைத்த ஐந்து சட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது அந்தக் கரையைப் பற்றிய சான்று. பகுதியைப் பற்றிய சான்று அன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் ஊரிலுள்ள எல்லாப் பானைக்கும் அது பதமாகாது; அப்பானையிலிருந்து ஐந்து சோறு எடுத்துப் பார்த்தாலும் ஆகாது.

படிப்பவர் இதனைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்றுண்டு. எஃப் மதிப்பைப் பார்ப்பதற்கு முன் அதனோடு தரப்படும் பிழையின் வரையற்ற பாகையைப் பார்க்க வேண்டும். எட்டுக் கழிகளில் நடந்த ஆய்வில் பாகை 38 என்றிருந்தால், எங்கோ சட்டங்கள் கழிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது தெளிவு. எட்டிலிருந்து ஆறு வரலாம், முப்பத்தெட்டு வாராது.

5. பழைய தவறு, பல துறைகள்

சூழலியலில் இத்தவற்றுக்குப் பெயர் சூட்டியவர் அமெரிக்கச் சூழலியலாளர் ஸ்டுவர்ட் ஹர்ல்பர்ட். 1984இல் அவர் வெளியிட்ட கட்டுரை, களச்சோதனைகளில் மெய்யான மீள்செய்கைக்கும் போலியான மீள்செய்கைக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தது. ‘போலி மீள்செய்கை’ என்று அதனைத் தமிழில் கூறலாம். கட்டுரை சூழலியலார் பலரைச் சினமூட்டியது. அதற்குக் காரணம் அச்சிடப்பட்ட ஆய்வுகளையே அவர் எடுத்துக்காட்டியமை.

ஆயினும் இத்தவறு அதற்கு மிக முந்தியது. ஃபிஷரும் மெக்கன்சியும் 1923இல் வெளியிட்ட உருளைக்கிழங்குச் சோதனை மாறுபாட்டுப் பகுப்பாய்வின் முதல் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதில் சில உரங்கள் பெரிய நிலப்பரப்புக்கும் சில சிறு வரிசைகளுக்கும் இடப்பட்டிருந்தும், எல்லாவற்றுக்கும் ஒரே பிழை மதிப்பீடு பயன்படுத்தப்பட்டது. ஈராண்டு கழித்து வந்த நூலில் ஃபிஷர் அதே உருளைக்கிழங்குத் தரவை மீண்டும் எடுத்துக்கொண்டு பிழையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். முறையை ஆக்கியவரே முதலில் வழுக்கிய இடம் இது என்பது நமக்கு ஆறுதலாக மட்டும் அமையாமல் எச்சரிக்கையாகவும் அமைய வேண்டும்.

மொழியியலுக்கு அருகிலுள்ள உளமொழியியலில் கோல்மன் 1964இலும், அவரைத் தொடர்ந்து ஹெர்பர்ட் கிளார்க் 1973இலும் இதே கருத்தை வேறு திசையிலிருந்து கூறினர். சொற்களைப் படிக்க எடுக்கும் நேரத்தை அளக்கும் ஆய்வுகளில் ஆட்கள் பலர், சொற்கள் சில. ஆட்களின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆய்வாளர் சொற்களின் வேறுபாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. பத்துப் பெயர்ச்சொல்லையும் பத்து வினைச்சொல்லையும் கொண்டு செய்த ஆய்வின் முடிவு, அம்மொழியின் பெயர், வினை அனைத்துக்கும் உரியதாகக் கூறப்பட்டது. வேறு பத்துச் சொற்களை எடுத்திருந்தால் என்னாகும் என்னும் வினா எழவேயில்லை. ஹர்ல்பர்ட் கழிகளுக்குச் சொன்னதைக் கிளார்க் சொற்களுக்கு 11 ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டார். ஒரு துறையார் மற்றத் துறையாரின் இதழைப் படிக்காமையால் இரு துறையும் தனித்தனியே இதனைக் கற்க நேர்ந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் வரைவில், இரண்டு வட்டாரங்களைச் சேர்ந்த மும்மூன்று பேச்சாளர்களிடமிருந்து ஆளுக்கு 100 ஒலிப்புகளைப் பதிவுசெய்து, நெட்டுயிர்களின் கால அளவை ஒப்பிட்டிருந்தேன். பிழையின் பாகை 598 எனப் பெருமையோடு எழுதியதும் நினைவிருக்கிறது. ஆறு பேர் பேசிய ஆய்வில் வட்டாரத்தைப் பற்றி உரிமையோடு சொல்லக்கூடிய பாகை நான்கே. அவ்வியலை முழுவதும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

கொல்கத்தாவில் மகலனோபிஸ் இச்சிக்கலை எதிர்கொண்ட விதம் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தின் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடும் பணியை அவர் மேற்கொண்டார். கணக்கெடுப்பாளர் ஒருவர் நூறு வயல்களைப் பார்த்தாலும், அவருடைய பார்வைக் கோளாறு நூறிலும் ஒன்றுபோலவே படியும். நூறு அளவுகளும் தம்முள் ஒத்துப்போவதே ஏமாற்றாக முடியும். ஆகவே அவர் மாதிரியை ஒன்றோடொன்று ஊடுருவிக் கிடக்கும் தனித்தனி உட்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வோர் உட்கூற்றையும் வெவ்வேறு குழுவினரிடம் ஒப்படைத்தார். இரு குழுவினரின் மதிப்பீடுகள் எவ்வளவு விலகுகின்றன என்பதே பிழையின் அளவாயிற்று. எந்த மட்டத்தில் முடிவு சொல்ல விரும்புகிறோமோ, அந்த மட்டத்திலேயே மீள்செய்கை அமைய வேண்டும் என்பதை அவர் களத்திலேயே ஏற்பாடு செய்துவிட்டார். பின்னர்க் கணக்கில் திருத்தவேண்டிய தேவை எழவில்லை.

6. பகுதியின் வேறுபாடும் உவர்ப்பின் விளைவும்

சுந்தரவன எடுத்துக்காட்டில் இன்னொரு படி உண்டு. கழிகளை முறையாகக் கணக்கில் கொண்டு வகுத்தும் எஃப் எல்லையைத் தாண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘உவர்ப்பினால் நாற்றுகள் மிகுந்தன’ என்று எழுத இயலாது. அட்டவணையில் இருப்பது ‘பகுதி’ என்னும் வரி. ‘உவர்ப்பு’ என்னும் வரி அங்கில்லை. மாத்லாப் பகுதியும் ஹூக்ளிப் பகுதியும் உவர்ப்பில் மட்டும் வேறுபடுவன அல்ல. வண்டல் படிவு, அலைவேகம், படகுப் போக்குவரத்து, மக்கள் குடியிருப்பு என எத்தனையோ வகையில் அவை வேறுபடும். உவர்ப்பு மிக்க பகுதி ஒன்று, குறைந்த பகுதி ஒன்று என்னும் அமைப்பில் உவர்ப்பின் அளவில் மீள்செய்கையே இல்லை. ஆய்வாளர் திருவுளச்சீட்டுப் போட்டு ஒரு பகுதிக்கு உவர்ப்பை வழங்கவும் இல்லை.

இதற்கு மாறான நல்ல எடுத்துக்காட்டு ஒன்று கொல்கத்தாவிலேயே கிடைக்கிறது. 1957இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், விலைமிக்க கருவிகள் இன்றிக் கண்ணும் கையும் கொண்டு செய்யத்தக்க ஆய்வுகளை ஊக்கினார். அந்நிறுவனத்தில் பணியாற்றிய டி. ஏ. டேவிஸ் தென்னை மரங்களை ஆராய்ந்தார். தென்னையின் மட்டைகள் சில மரங்களில் இடமாகவும் சில மரங்களில் வலமாகவும் சுற்றி அமைகின்றன. இப்பண்பு பெற்றோர் மரத்திலிருந்து வழிவழி வருவதில்லை என்றும், இடச்சுற்று மரங்கள் மிகுதியாகக் காய்க்கின்றன என்றும் 1960களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்டார். இங்கு ஒப்பீட்டின் அமைப்பை நோக்குக. இருவகை மரங்களும் ஒரே தோப்பில், ஒரே மண்ணில், ஒரே மழையில் கலந்து நிற்கின்றன. சுற்றும் திசை மரபுவழிப்படாமையால் இயற்கையே நாணயத்தைச் சுண்டி ஒவ்வொரு மரத்துக்கும் திசையை வழங்கியது போன்ற நிலை. மீள்செய்கையின் அலகு தனிமரம். மரங்களோ நூற்றுக்கணக்கில் உள்ளன. இத்தகைய அமைப்பில் கிடைக்கும் எஃப் மதிப்புக்கும், இரண்டு பெரும்பகுதிகளை ஒப்பிட்டுக் கிடைக்கும் எஃப் மதிப்புக்கும் எண் ஒன்றாக இருப்பினும் சான்றாகும் வலிமை ஒன்றாகாது.

7. ‘மிகைகாண் தன்மையற்றது’ என்பதன் பொருள்

நம் கணக்கில் சரியான விடை 2.40, எல்லையைத் தாண்டவில்லை. இதனை ‘இரு பகுதிகளுக்கும் வேறுபாடில்லை’ என்று எழுதுவது முந்தைய தவற்றினும் பெரிய தவறு. சராசரிகளின் வேறுபாடு சட்டத்துக்கு 4 நாற்று. கழிகளின் ஆட்டத்தைக் கொண்டு கணித்தால் அவ்வேறுபாட்டின் திட்டப்பிழை 2.58. 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லைகள் ஏறத்தாழ –2.3 முதல் 10.3 வரை. அதாவது, ஹூக்ளிப் பகுதியில்தான் இரண்டு நாற்று மிகுதி என்பதற்கும் இத்தரவு இடம்தருகிறது. மாத்லாவில் பத்து நாற்று மிகுதி என்பதற்கும் இடம்தருகிறது. இவ்வாய்வுக்கு முடிவு சொல்லும் வலிமை இல்லை என்பதே நேர்மையான கூற்று. சான்றின்மை வேறு, இன்மைக்குச் சான்று வேறு.

அடுத்த ஆண்டு உழைப்பை இருமடங்காக்கி 80 சட்டங்கள் வைக்க வாய்ப்பிருப்பின் எங்கே வைப்பது? அதே எட்டுக் கழிகளில் கழிக்குப் பத்தாக வைத்தால் திட்டப்பிழை 2.58இலிருந்து 2.48 ஆகக் குறையும்; குறைந்தது என்றே சொல்ல இயலாது. பகுதிக்கு எட்டுக் கழிகளாக்கி, கழிக்கு ஐந்து சட்டமே வைத்தால் 1.83 ஆகும். எண்ணும் உழைப்பு ஒன்றே; படகுச் செலவு மட்டும் கூடும். களஆய்வுக்கு நிதி வழங்குவோர் சட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்களே தவிர, கழிகளின் எண்ணிக்கையைக் கேட்பதில்லை என்பது என் எண்ணம்.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. 2009 மே மாதம் ஐலா புயலும் 2020 மே மாதம் ஆம்பன் புயலும் சுந்தரவனத்தைத் தாக்கின. ஆம்பனுக்குப் பின் ஐந்து கோடி அலையாத்தி நாற்றுகள் நடப்படும் என மேற்கு வங்க அரசு அறிவித்தது. எந்த இனத்தை எந்தப் பகுதியில் நடுவது என்னும் முடிவு இத்தகைய அட்டவணைகளைச் சார்ந்து எடுக்கப்படுமாயின், வகுக்கும் எண் தவறிய இடத்தில் நாற்றுகளே அதன் விலையைக் கொடுக்கும்.

8. இடைவினை

பருவம் என்னும் மற்றொரு காரணியும் சேரும்போது அட்டவணையில் ‘பகுதி’, ‘பருவம்’, ‘பகுதி–பருவ இடைவினை’ என மூன்று வரிகள் தோன்றும். படிப்போர் பெரும்பாலும் மேலிருந்து கீழாகப் படிக்கின்றனர். கீழிருந்து மேலாகப் படிப்பதே முறை. மழைக்குமுன் ஹூக்ளியில் 6, மாத்லாவில் 14; மழைக்குப்பின் இரண்டிலும் 10 எனக் கொள்வோம். மழைக்குமுன் சராசரி 10, மழைக்குப்பின்னும் 10. ‘பருவம்’ என்னும் வரியில் எஃப் மதிப்பு சுழியமாக வரும். ‘நாற்றுகளைப் பருவம் பாதிப்பதில்லை’ என்று எழுதிவிட்டால் உண்மை தலைகீழாகிறது. இங்குப் பருவம் ஒரு பகுதியில் கூட்டியும் மற்றதில் குறைத்தும் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. இடைவினை வலுவாக இருக்கும்போது தனிக்காரணிகளின் வரிகளுக்குத் தனிப்பொருள் இல்லை. ஒரே கழிகளையே இரு பருவத்திலும் பார்த்திருந்தால், அந்த இரு அளவுகளும் தம்முள் தொடர்புடையவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எண்ணிக்கைத் தரவுகளில் சராசரி கூடுமிடத்தில் சிதறலும் கூடும் என்பதும், அதற்கு வர்க்கமூலம் அல்லது மடக்கை கொண்டு தரவை மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதும் பாடநூல்களிலேயே உள்ளன. ஆகவே அவற்றை இங்கு விரிக்கவில்லை. எந்த மாற்றமும் போலி மீள்செய்கையைக் குணப்படுத்தாது என்பதை மட்டும் கூறலாம்.

9. கலைச்சொல்லும் தொடரமைப்பும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் ‘மிகைகாண்’ என்னும் ஆக்கம் கேட்பதற்குக் கரடுமுரடானது. ஆனால் பொருளில் நேர்மையானது. எதிர்பார்த்த அளவினும் மிகையாகக் காணப்பட்டது என்பதற்கு மேல் அது ஒன்றையும் வாக்களிப்பதில்லை. ‘முக்கியத்துவம்’, ‘குறிப்பிடத்தக்க’, ‘கணிசமான’ என்னும் சொற்கள் எளியவையாயினும் வாக்களிப்பது மிகுதி. ‘கணிசமான பாதிப்பு இல்லை’ என்று படிக்கும் பொதுமக்கள், பாதிப்பு சிறிது என்று அளந்து கண்டதாகவே கொள்வர். அளந்தவர் சொல்ல வந்ததோ, தம் ஆய்வு பாதிப்பை எல்லையைத் தாண்டி உறுதிசெய்யவில்லை என்பது. பாதிப்பு பெரிதாகவும் இருக்கக்கூடும். கழிகள் போதாமையால் அது புலப்படாமல் இருந்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் இங்கு இழைக்கும் தவறு சொல்லில் மட்டும் நிகழ்வதன்று. வினைமுற்றின் எழுவாயே மாறிப்போகிறது. ‘பாதிப்பு இல்லை’ என்பதில் எழுவாய் பாதிப்பு. ‘ஆய்வு உறுதிசெய்யவில்லை’ என்பதில் எழுவாய் ஆய்வு.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. முடிவைக் கூறும் தொடர், எது எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதையும் ஏந்திவர வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு நான் பரிந்துரைக்கும் தமிழ்த்தொடர் இது: ‘பகுதிக்கு நான்கு கழிகளாக எட்டுக் கழிகளில் எண்ணியபோது மாத்லாப் பகுதியில் சட்டத்துக்குச் சராசரியாக 4 நாற்றுகள் மிகுதியாகக் காணப்பட்டன, ஒரே பகுதியின் கழிகளுக்குள்ளேயே வேறுபாடு பெரிதாக இருத்தலால், இம்மிகுதி பகுதியினால் விளைந்ததா என்பதை இவ்வாய்வு உறுதிசெய்யவில்லை, வேறுபாடு –2.3 முதல் 10.3 வரை எதுவாகவும் இருக்கலாம்.’ தொடர் நீளமானதுதான். ஆங்கில மூலத்தில் ஐந்து சொற்களில் அடங்கியதற்கு இத்தனை சொற்களா என அறிக்கை தயாரிப்போர் கேட்கக்கூடும். அந்த ஐந்து சொற்களைப் படிக்கும் புள்ளியியலார்க்கு எஞ்சியதை நிரப்பிக்கொள்ளும் பயிற்சி உண்டு. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தாளைக் கையில் வாங்குபவர்க்கு அப்பயிற்சி இல்லை. ஆனால் தம் ஊரில் கழிக்குக் கழி நாற்று எவ்வளவு வேறுபடும் என்பது அவருக்குத்தான் தெரியும். எத்தனை கழிகளில் எண்ணினார்கள் என்பதைத் தாளில் எழுதிவிட்டால், அடுத்த வினாவை அவரே கேட்பார்.